சனிக்கிழமை வரை தாங்காது

என் காலுக்கு எங்கள் ஊரில் ஒரு மவுசு உண்டு. இரட்டைப் பிள்ளை பெற்றவள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இலக்கியாவும் முத்தமிழும் பிறந்து எட்டு வருஷம் ஆகிறது. அந்த எட்டு வருஷமாகக் கீழப்பழுவூரில் யாருக்கு இடுப்பு பிடித்தாலும் எங்கள் வாசலில் வந்து குப்புறப் படுத்துக்கொள்வார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலால் மூன்று மிதி மிதிப்பேன். பாதிப் பேர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள். மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று நான் விசாரித்ததில்லை. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் ஒருவரையும் கொல்லாததால் கால் வைத்தியத்தோடு நின்றுவிட்டேன் என்று நானே சொல்லிச் சிரிப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த வாசலில் குப்புறப் படுத்தது என் வீட்டுக்காரர்.

அவர் பெயர் அறிவழகன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறார். பதினான்கு வருஷமாக அந்தப் பள்ளம் மேட்டில் குலுங்கிக் குலுங்கி, இரண்டு வருஷமாக இடுப்பு வலி. ஒரு மாதமாக அது இடது தொடை வழியாகக் குதிகால்வரை இறங்கியிருந்தது. ஊரே மிதி வாங்கியும் அவர் மட்டும் என் காலை நம்பியதில்லை. அன்றைக்கு வலி தாங்காமல் அவராகவே வந்து படுத்தார். முதல் மிதியில் முனகினார். இரண்டாவது மிதியில் தரையைப் பிறாண்டி, போதும் என்றார். மூன்று மிதி என்றால் மூன்றுதான், குறைந்தால் பலிக்காது என்று நான் மூன்றாவதையும் மிதித்தேன்.

திங்கட்கிழமை இடது காலில் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது என்றார். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் குளியலறைக்குள் போனவர் வரவே இல்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கதவைத் தட்டித் தட்டிக் கேட்டபிறகு மெதுவாகச் சொன்னார். மூத்திரம் வரவில்லையாம். முந்தின நாள் மத்தியானம் போனதுதானாம். உட்காருகிற இடம் முழுக்க மரத்துப்போய், அடுத்தவன் உடம்பைத் தொடுவதுபோல இருக்கிறதாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். மனுஷன் கல்லுளிமங்கன்போல நின்றார். அவரோடு டிப்பர் ஓட்டிய தா.பழூர் சாமிக்கண்ணு போன வருஷம் முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவர், இன்றுவரை கோல் ஊன்றித்தான் கொல்லைக்குப் போகிறார். வண்டியில் ஏறவே இல்லை. கத்தி பட்டால் தன் கதையும் அதுதான் என்று இவருக்கு மனதில் பதிந்துவிட்டது. கத்தி இல்லாமல் கையாலேயே முதுகைச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் டாக்டர் ஒருவர் செவ்வாயும் சனியும் பெரம்பலூருக்கு வருகிறார் என்று கூட்டாளி ராசாங்கம் சொல்லியிருந்தார். ராசாங்கத்தின் கழுத்துப் பிடிப்பு அங்கே நாலு தடவையில் சரியானது. அங்கே போகலாம் என்றார் இவர். ஆனால் மூத்திர விஷயத்தை நான் வாயைத் திறந்து சொல்லக் கூடாது. சொன்னால் ஆபரேஷனுக்குத் தள்ளிவிடுவார்கள். அதோடு அந்த டாக்டர் ஒரு பொண்ணு.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் என்னை விடவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு நின்ற இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு, "இதுங்க தலையில கைய வச்சி சத்தியம் பண்ணு" என்றார். ரிப்பன் கட்டிய இரண்டு தலைகளிலும் என் இரண்டு கைகளையும் எடுத்து வைத்தார். எதுக்கும்மா சத்தியம் என்று முத்தமிழ் சிரித்தாள். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். செய்த நிமிஷத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ராசாங்கம் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். இவரால் உட்கார முடியவில்லை. பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார். முன்னால் போன டிப்பர்கள் கிளப்பிய வெள்ளைத் தூசியில் ராசாங்கம் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அரியலூர் தாண்டும்வரை டாக்டரின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தார். கழுத்தைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினாராம். டப்பென்று சத்தம் வந்ததாம். அன்றைக்கு இரவே மல்லாந்து தூங்கினாராம். நான் தலையை ஆட்டினேனே தவிர ஒன்றும் காதில் ஏறவில்லை. ஒவ்வொரு டீக்கடையைத் தாண்டும்போதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, மூத்திரத்துக்குப் போய்ப் பாருங்கள் என்று இவரிடம் சாடையில் கெஞ்சினேன். எதற்கு என்று தெரியாமல் ராசாங்கம் இரண்டு தடவை நிறுத்தினார். இவர் இறங்கவே இல்லை.

பெரம்பலூரில் அந்தக் கிளினிக் மாடியில் இருந்தது. முதுகு வலிக்காரர்களுக்கு மாடியில் இடம் பார்த்த புத்திசாலி யாரோ தெரியவில்லை. பதினெட்டுப் படியை இவர் பதினெட்டு மூச்சாக ஏறினார். மேலே போனதும் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். இவர் சுவரில் சாய்ந்து நின்றார், நான் எழுதினேன். வயது, வேலை, வலி எங்கே, எத்தனை நாளாக. எலும்பு முறிந்ததுண்டா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா. இரண்டாம் பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது. சிறுநீர், மலம் கழிப்பதில் சிரமம் உண்டா?

பேனாவை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தார். இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அடுத்த கேள்வி, வேறு யாரிடமாவது வைத்தியம் செய்துகொண்டீர்களா என்றது. அதற்கும் இல்லை என்றே போட்டேன். அந்த இரண்டாவது பொய்யை அவர் போடச் சொல்லவில்லை.

டாக்டர் பெயர் நர்மதா. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து திருச்சியில் கிளினிக் வைத்திருப்பவர். உள்ளே போனதும் இவரைப் படுக்கவைத்து ஒரே முறுக்காக முறுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அவசரமே படவில்லை. மேஜையில் இருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பை எடுத்து வளைத்துக் காட்டினார். இந்தக் கட்டைகளுக்குப் பின்னால் சின்னச் சின்ன மூட்டுகள் இருக்கின்றன, உழைப்பிலும் ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பதிலும் அவை அசையாமல் இறுகிப்போகும், சுற்றியுள்ள தசையும் முரண்டு பிடிக்கும், அந்த மூட்டைப் பார்த்துக் கையால் சட்டென்று ஒரு சின்ன அழுத்தம் கொடுத்தால் அசைவு திரும்பும், வலி குறையும், அதுதான் எங்கள் வேலை என்றார். கூடவே உடற்பயிற்சியும் சொல்லித்தருவாராம்.

டப்பென்று சத்தம் வருமே, எலும்பு சரியான இடத்தில் போய் உட்காருகிற சத்தமா என்று ராசாங்கத்துக்குப் பதிலாக இவர் கேட்டார். டாக்டர் சிரித்தார். எலும்பு எங்கேயும் போகவில்லை, வந்து உட்காருவதற்கு. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் காற்றுக் குமிழி உண்டாகிற சத்தம்தான் அது, சோடா திறந்தால் வருவது மாதிரி. சத்தம் வந்தால் குணம், வராவிட்டால் குணமில்லை என்று எதுவும் கிடையாது. எல்லா முதுகு வலியும் தன் கைக்கு அடங்காது என்றும் சொன்னார். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது. என்னால் என்ன முடியாது என்பதை என் வாசலில் நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

பிறகு சோதித்தார். படுக்கவைத்து ஒவ்வொரு காலாகத் தூக்கினார். இடது கால் பாதி எழும்புவதற்குள் இவர் பல்லைக் கடித்தார். கட்டைவிரலைத் தன் கையை எதிர்த்து மேலே நிமிர்த்தச் சொன்னார். வலது விரல் நிமிர்ந்தது. இடது விரல் பேருக்கு ஆடிவிட்டு விழுந்தது. சின்னச் சுத்தியலால் குதிகாலுக்கு மேலே தட்டினார். மறுபடியும் தட்டினார், பாதம் துள்ளவில்லை. டாக்டர் முகம் மாறியதை நான் கவனித்தேன்.

எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு நேராக அவரைப் பார்த்துக் கேட்டார். "சார், கூச்சப்படாம சொல்லுங்க. யூரின் ஒழுங்கா போகுதா? உக்கார்ற எடம் மரத்த மாதிரி இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் இவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பிளாஸ்டிக் எலும்பைப் பார்த்தேன். ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறேன் என்றால், என்று அவர் எலும்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். இங்கே குதிரை வால்போல ஒரு நரம்புக் கத்தை இறங்குகிறது. இரண்டு எலும்புக்கு நடுவில் இருக்கும் வட்டு பிதுங்கி அதை மொத்தமாக நசுக்கினால் மூத்திரம் நிற்கும், மலம் நிற்கும், கால் போகும். அதற்கு நாள் கணக்கு இல்லை, மணிக்கணக்குத்தான். விட்டுவிட்டால் ஆயுசுக்கும் குழாய்தான். அது இல்லை என்கிறீர்கள், நல்லது. ஆனாலும் விரலில் பலம் குறைந்திருக்கிறது, அதனால் இன்றைக்கு முதுகில் கை வைக்க மாட்டேன், ஸ்கேன் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள், நடுவில் எது மாறினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை என்றதும் இவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதைக் கண்டு எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பரீட்சையில் காப்பியடித்துப் பாஸானவன் முகம் அது.

படி இறங்கினோம். ராசாங்கம் கைத்தாங்கலாக அவரைப் பின்சீட்டில் படுக்கவைத்தார். நான் காரில் ஏறவில்லை. மருந்துக் கடை வாசல்வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டும் என்றேன். வாங்கினேன். சில்லறை சரியாக இல்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். சில்லறை சரியாகத்தான் இருந்தது. மணிக்கணக்கு என்று டாக்டர் சொன்னது மண்டைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. நேற்று மத்தியானத்திலிருந்து எத்தனை மணி என்று விரல் விட்டு எண்ணினேன். இருபத்திரண்டு வந்தது. சனிக்கிழமைவரை எண்ண விரல் போதவில்லை. இந்தப் பக்கம் அவர். அந்தப் பக்கம் என் கைக்குக் கீழே சிரித்துக்கொண்டிருந்த இரண்டு தலைகள். படிக்காதவள் இல்லை நான், பன்னிரண்டாவது பாஸ். சத்தியத்தை மீறினால் பிள்ளைகளுக்கு ஆகாது என்பதெல்லாம் வெறும் பயம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பயம் போகவில்லை.

நேரமாச்சு, ஏறு தங்கச்சி என்று ராசாங்கம் ஹாரன் அடித்தார். நான் பதினெட்டுப் படியையும் ஓடி ஏறினேன்.

அடுத்த நோயாளி உள்ளே இருந்தார். கதவைத் திறந்துகொண்டு போய் நின்றேன். "அவர் பொய் சொல்லிட்டாரு. நேத்து மத்தியானத்துலேருந்து மூத்திரம் போவல. அந்த எடமெல்லாம் மரத்துப் போச்சாம்" என்றேன். டாக்டர் எழுந்துவிட்டார். எனக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. முதலாவதைவிட அது கனமாக இருந்தது. "ஞாயித்துக்கெழம நான் அவர் முதுகுல ஏறி மிதிச்சேங்க. போதும்னாரு. போதும்னு சொன்னப்புறமும் மிதிச்சேன்."

அதனால்தான் இப்படி ஆயிற்றா என்று கேட்டேன். வட்டு ரொம்ப நாளாகவே பிதுங்கியிருக்கும், வண்டிக் குலுக்கலில் எப்போது வேண்டுமானாலும் நசுங்கியிருக்கலாம் என்றார். பிறகு, உங்கள் மிதியால் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது அம்மா, தெரியவில்லை என்றார். ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கு அதை வாங்கிக்கொண்டிருப்பேன்.

என்னோடு கீழே வந்து கார்க் கதவைத் திறந்தார். கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டார். அவள் பயத்தில் உளறுகிறாள் என்றார் இவர். டாக்டர் அவர் அடிவயிற்றில் கையை வைத்தார். இவ்வளவு நிறைந்திருக்கிறது, முட்டிக்கொண்டு வரவில்லையா என்றார். இவருக்கு மூத்திரம் முட்டுவதே தெரியவில்லை. அப்போதுதான் அவர் பயந்ததை நான் பார்த்தேன்.

பயந்தவர் டாக்டரைத் திட்டவில்லை. என்னைப் பார்த்தார்.

"புள்ளைங்க தலையில சத்தியம் பண்ணினியே ஹேமா."

"பண்ணினேன். அதுங்களுக்கு ஒண்ணும் ஆவாது. ஆவுறது எனக்கே ஆவட்டும்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

டாக்டர் அங்கேயே நின்று திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். முதுகெலும்பு ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் பேசி, கடிதமும் எழுதிக் கொடுத்து, வழியில் எங்கும் நிற்காதீர்கள் என்று ராசாங்கத்திடம் சொன்னார். வெந்நீரைக் காலில் ஊற்றிக்கொண்டவர்போல ராசாங்கம் வண்டியை விரட்டினார். பாடாலூர் தாண்டும்போது நான் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டேன். சத்துணவு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றார் வளர்மதி டீச்சர். சமயபுரத்தில் மறுபடி கேட்டேன். கணக்கு போடுகிறார்கள் என்றார். ஆஸ்பத்திரி வாசலில் மூன்றாவது தடவை கேட்டபோது, உங்களுக்கு என்னம்மா ஆச்சு என்று அவர் கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

முதலில் மூத்திரம் இறங்கக் குழாய் போட்டார்கள். பை நிறைந்து இன்னொரு பை வைத்தார்கள். ஸ்கேன் எடுத்து, அன்றைக்கே ஆபரேஷனும் முடிந்தது. நசுக்கிய வட்டை எடுத்தாயிற்று, கால் பலம் திரும்பும் என்றார் அந்த டாக்டர். மூத்திரம் பற்றி மட்டும் அவர் வாக்குக் கொடுக்கவில்லை. நல்ல நேரத்தில் வந்தீர்கள், ஆனால் நரம்பு எவ்வளவு பிழைத்திருக்கிறது என்பது குழாயை எடுத்தபிறகுதான் தெரியும். தானாகப் போனால் சரி. போகாவிட்டால் குழாயோடு வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், திரும்பாமலும் போகலாம்.

இரண்டு நாள் இவர் நர்ஸிடம் பேசினார், ராசாங்கத்திடம் பேசினார், பக்கத்துக் கட்டில்காரரின் மாமியாரிடம்கூடப் பேசினார். நான் கேட்டால் ம் என்றார். கஞ்சி கொடுத்தால் வாயைத் திறந்தார், அவ்வளவுதான். கோபமா, வெட்கமா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் எனக்குப் பொறுக்கவில்லை. "போதும்னீங்க. நான் கேக்கல. மூணு கணக்கு முடியணும்னு மிதிச்சேன்" என்று அவர் காதுக்குப் பக்கத்தில் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் குழாயை எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் போக வேண்டும் என்றார் நர்ஸ். நான் தண்ணீர் கொடுத்தேன், இளநீர் கொடுத்தேன், மறுபடி தண்ணீர் கொடுத்தேன். பத்து மணிக்கு வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். கால் மணி நேரம் கழித்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வந்தார். பதினொன்றரைக்கு மறுபடி போனார். கதவைத் தாழ் போடக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நான் வெளியே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். கூட்டுகிற அம்மா, ஒரு இடத்தில் நில்லும்மா, தலை சுத்துது என்றார். தெரிந்த சாமிகளிடமெல்லாம் வேண்டியாகிவிட்டது. இனிமேல் புதிதாக யாராவது இருந்தால்தான் உண்டு.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கதவில் காதை வைத்தேன். பெண்பிள்ளை இப்படி ஆண்கள் கழிப்பறைக் கதவில் காதை வைக்கலாமா என்று போகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நின்றேன்.

"ஹேமா" என்றார் உள்ளேயிருந்து. மூன்று நாளுக்குப் பிறகு என் பெயர்.

"என்னங்க?"

விழுந்துவிட்டாரோ என்று கதவில் கையை வைத்தேன்.

"வந்துடுச்சு" என்றார். குரல் உடைந்திருந்தது. "வந்துகிட்டே இருக்கு ஹேமா."

எனக்குக் கண்ணை மறைத்தது. கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி, இருங்க. முழுசா போயிட்டு, கையக் கழுவிட்டு வாங்க" என்றேன்.